பொடி போடாமல் வந்த தும்மல்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? பெண்கள் பயானுக்கு வந்தோமா, மார்க்கப் பேச்சைக் கேட்டோமா, துவாச் செய்தோமா, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோமா என்று இல்லாமல், "நன்னி, உங்க பேத்தி எப்புடிப் பேசுனா, சொல்லுங்க" என்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசுகின்றனவே, அது எப்படி என்று நான் என்றைக்காவது வந்து கேட்டேனா?

சரி, உட்காருங்கள். நான் சொல்லாவிட்டால் நீங்களாகவே ஒன்றைக் கட்டிவிடுவீர்கள்.

எனக்கு எழுத வராது. இரண்டாம் வகுப்பில் பாதியோடு நின்றுவிட்டேன். நான் சொல்லச் சொல்ல சபூரா ஆலிமா எழுதுகிறாள். மார்க்கம் படித்தவள், என் பேத்திக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் இவள்தான். "என்னையக் கொஞ்சம் நல்லவளா எழுதும்மா" என்று கேட்டுக்கொண்டேன். சிரிக்கிறாளே தவிர, சரி என்று சொல்லவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நோன்பு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் ஒரே மகள் காய்ச்சலில் மவுத்தாகிவிட்டாள். அவள் பிள்ளை ருகையாவுக்கு அப்போது நாலு வயது. ஜனாஸாப் பெட்டியைத் தூக்கும்போது "அம்மா" என்றாள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை.

காரைக்குடியில் டாக்டரிடம் காட்டினோம். மதுரைக்கும் கொண்டுபோனோம். காது நன்றாக இருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது, தானாக வரும் என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டேன். ராமேஸ்வரம் ரயில்கூட எத்தனை மணி லேட் என்று சொல்லிவிடுகிறார்கள். இதற்குச் சொல்ல ஆளில்லை.

தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? பாத்திரம் கழுவும்போது சத்தம் கேட்டால் நல்லது என்று வேண்டுமென்றே டம்ளரை உருட்டியிருக்கிறீர்களா? என் வீட்டுக்காரர் மவுத்தாகி, மகளையும் கட்டிக் கொடுத்த பிறகு நான் அப்படித்தான் இருந்தேன். தும்மல் வரும். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அல்லாஹ்வைப் புகழ்வேன். அதைக் கேட்டவர் "யர்ஹமுகல்லாஹ்" என்று சொல்ல வேண்டும், அல்லாஹ் உனக்கு அருள் செய்யட்டும் என்று. என் வீட்டில் கேட்பவர் யார்? ஃபேன் சுற்றும். சுவரில் பல்லி இருக்கும். ஊருக்கெல்லாம் சொல்கிற பல்லி, எனக்கு மட்டும் வாயைத் திறக்காது.

ருகையாவின் அத்தா மலேசியாவில் வேலை பார்ப்பதால் பிள்ளை என்னிடம் வந்தது. வந்த பிறகு, பல்லியோடு சேர்ந்து ஒரு பிள்ளையும் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் படுத்திருப்பாள். மூச்சு என் கன்னத்தில் படும். ஆனாலும் அந்த வீட்டில் நான் தனியாகத்தான் இருந்தேன். அவளும் தனியாகத்தான் இருந்தாள்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகளுக்கு ஆலிமா நடத்துகிற மழலையர் பள்ளியில் அவளைச் சேர்த்தேன். காலையில் அரபியில் அலிஃப், பே. பிறகு அ, ஆ. பிறகு ஏ, பி, சி, டி. செருப்பை எந்தக் காலில் முதலில் போடுவது, பென்சிலை எப்படிப் பிடிப்பது, ஒன்றுக்கு வந்தால் எப்படிக் கையைத் தூக்கிக் கேட்பது எல்லாம் உண்டு. ஒன்றாம் வகுப்புக்குப் போனால் பிள்ளை மிரளக் கூடாது, மார்க்கமும் தெரிந்திருக்க வேண்டும். ருகையா எல்லாவற்றையும் அழகாக எழுதினாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது வருஷம் முடியப்போகிற நேரத்தில் மாப்பிள்ளை மலேசியாவிலிருந்து போன் பண்ணினார்.

"மாமி, ஒன்னாப்புல சேத்துக்குவாகளா?"

"ஏன் சேக்க மாட்டாக? எழுதுறா, எண்ணுறா, படம் போடுறா."

"பிள்ளையப் பேசச் சொல்லிப் பாத்துட்டுத்தான் எடுப்பாகளாமே. எடுக்கலைன்னா எங்க அக்கா வந்து மெட்ராசுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிரும் மாமி. அங்குட்டுப் பேசாத பிள்ளைகளுக்குன்னு பள்ளிக்கூடம் இருக்கு."

"நான்?"

அவர் கெட்டவர் இல்லை. பிள்ளையின் நல்லதுக்குத்தான் சொன்னார். அதனால்தான் என்னால் சண்டைகூடப் போட முடியவில்லை.

அன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். "யா அல்லாஹ், என் மகள் உன்னுடைய பொருள், எடுத்துக்கொண்டாய். இந்த ஒன்றை என்னிடம் விட்டுவை. நான் ரொம்பப் பேசுகிறேன் என்று ஊரே சொல்கிறது. என் பேச்சில் பாதியை எடுத்து அவளுக்குக் கொடு" என்று கேட்டேன். அழுகை வந்தது. துடைத்துவிட யாரும் வரவில்லை. நானே துடைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து அவளைக் கூட்டிவரப் போனேன். வகுப்பு முழுவதும் ஒரே தும்மல். ஒருவன் சட்டை நூலைத் திரித்து மூக்கில் விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, எல்லாத்துக்கும் சளியா?" என்று ஆலிமாவிடம் கேட்டேன்.

"இல்ல நன்னி. இன்னைக்குத் தும்மல் பாடம். தும்முனவுக என்ன சொல்லணும், கேட்டவுக என்ன சொல்லணும்னு சொல்லிக்குடுத்தேன். மூணு தடவைக்கு மேல தும்முனா பதில் சொல்ல வேண்டியதில்ல, அவுகளுக்குச் சளின்னு விட்டுறலாம்னும் சொன்னேன். இப்ப ஒருத்தனும் நிறுத்த மாட்டேங்குறான்."

"ருகையா?"

"உதடு அசஞ்சுச்சு நன்னி. சத்தம்தான் வரல."

உதடு அசைந்தது! எனக்கு இது போதாதா? வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஒரு டப்பா மூக்குப்பொடி வாங்கினேன்.

அவள் முன்னால் உட்கார்ந்து ஒரு சிட்டிகை இழுத்தேன். தும்மல் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னேன். அவள் பார்த்தாள். இன்னொரு சிட்டிகை. பார்த்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக ஊற்றியது. அவள் எழுந்து போய்த் துண்டை எடுத்துவந்து கொடுத்தாள். பிறகு டப்பாவை எட்டத் தள்ளி வைத்தாள்.

பக்கத்து வீட்டில் வள்ளி இருக்கிறாள், ஆசாரி வீட்டுப் பெண். சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன பாயம்மா, வீட்டுக்குள்ள வேட்டா போடுறீக?"

"போடி, ஒம் புருசன் எழைக்குற மரத்தூளுதான் எம் மூக்குல ஏறுது" என்றேன். அப்பாவி அவன், அன்றைக்கு வேலைக்கே போகவில்லை.

நான் விடவில்லை, நாள்தோறும் தும்மினேன். கடைசியில் வாடையை வைத்து ஆலிமா கண்டுபிடித்துவிட்டாள்.

"நன்னி, அல்லாகிட்டக் கேட்டிருக்கேன்னு சொல்லிட்டு, கடையில போயி வாங்குனீகளாக்கும்?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அது சின்ன அதிசயம் இல்லை. அன்றே டப்பாவைக் குப்பையில் போட்டேன். "யா அல்லாஹ், இனி நான் எதுவும் செய்ய மாட்டேன். நீயே பார்த்துக்கொள்" என்றேன்.

பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து வரச் சொன்னார்கள். ருகையாவுக்கு இரட்டைச் சடை போட்டேன். பெரிய டீச்சர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள்.

"பேரு என்ன பாப்பா?"

பேசவில்லை. பலகையில் எழுதிக் காட்டினாள். நிறம் கேட்டார்கள், தொட்டுக் காட்டினாள். எண்ணச் சொன்னார்கள், விரலை நீட்டினாள்.

"பேசவே பேசாதாம்மா?" என்று என்னைக் கேட்டார்கள்.

தலையைக் குனிந்துகொண்டேன். மெட்ராஸ் பஸ் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து ஆயாம்மா பீரோவின் மேலிருந்து பழைய பேப்பர்க் கட்டை இழுத்தாள். தூசி அப்படியே என் மேல் இறங்கியது. எனக்குத் தும்மல் வந்தது. பொடி இல்லாத தும்மல். அதற்கு அல்லாஹ் சாட்சி. வழக்கம் போல, யாருக்கும் இல்லாமல், மெதுவாக "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

"யர்ஹமுகல்லாஹ்."

என் மகள்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன். அதே கரகரப்பு. திரும்பினால், ருகையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வரவில்லை. எத்தனையோ வருஷமாக யாரும் எனக்கு அதைச் சொல்லாததால், திருப்பிச் சொல்வது மறந்தே போயிருந்தது. அதற்குள் அடுத்த தும்மல். மறுபடியும் சொன்னாள். அடுத்தது. மறுபடியும் சொன்னாள். நாலாவது தும்மலுக்கு வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதானா என்று எனக்கு உயிரே போயிற்று.

அவள் பெரிய டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், எங்க நன்னிக்குச் சளி புடிச்சிருக்கு."

டீச்சர் சிரித்துவிட்டார்கள். "அப்படியா? நீங்க யாரு?"

"ருகையா. நன்னிக்குக் கசாயம் குடுக்கணும்."

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஆயாம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். சளிக்காரிக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ருகையா அவளையும் அதட்டினாள்.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. மாப்பிள்ளை போனில் அவள் குரலைக் கேட்டுவிட்டு அழுதார். மெட்ராஸ் பேச்சு அதோடு நின்றது. காலையில் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனதும் வீடு பழையபடி ஆகிவிடும். ஃபேன் சுற்றும். டம்ளரை உருட்டத் தோன்றும். ஆனால் உருட்டுவதில்லை. தும்மல் வந்தால் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு, ஞாபகமாக வைத்துக்கொள்வேன். சாயங்காலம் அவள் பையை இறக்கி வைத்ததும், "மத்தியானம் ஒரு தும்மல் வந்துச்சு ருகையா" என்பேன். அதற்கும் சேர்த்துச் சொல்வாள். "யஹ்தீகுமுல்லாஹ்" என்பேன், அல்லாஹ் உன்னை நேர்வழியில் நடத்தட்டும் என்று. அதை அவள்தான் எனக்கு மறுபடி சொல்லிக் கொடுத்தாள்.

சகோதரிகளே, நான் அவள் பேச்சைத்தான் கேட்டேன். என் தும்மலுக்கு ஆள் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அதையும் அவன் சேர்த்துக் கொடுத்தான். நீங்களும் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கடைக்கு மட்டும் போகாதீர்கள்.

ருகையா வாயைத் திறந்த அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வரும்போது தெருக் குழாயடியில் வள்ளியும் மற்றவர்களும் வழி மறித்தார்கள். "பாயம்மா, பிள்ளை பேசுதே! என்ன மருந்து குடுத்தீக? எந்த ஊரு டாக்டரு?"

"மருந்து எனக்குத்தாண்டி" என்றேன். "எனக்குச் சளின்னு இந்த டாக்டரம்மா சொல்லிருச்சு. வீட்டுல தும்முனா கேக்க ஆளில்லாதவுக இருந்தா, வெக்கப்படாம இங்குட்டு வாங்கடி. எங்க வீட்டுல இப்ப ஆளிருக்கு."