பேதிமேரி என்று கமெண்ட் போட்டவர்களுக்கு

ஜெயசிங் சார் இறந்துவிட்டார். இன்று காலை, மூணாறில்... ஹார்ட் அட்டாக்.

அப்போதிருந்து ஒரே கண்ணீர் போஸ்ட்டுகள். கர்த்தரின் ஊழியர், பிள்ளைகளின் நண்பர், எங்கள் எஸ்டேட் சபையின் கிறிஸ்துமஸ் லீவு கேம்ப்பைத் தோளில் சுமந்தவர்... போதும், சாமி!

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது.

அந்த கேம்ப்புக்குப் போன யாருக்கும் பிரசங்கம் ஒன்றுகூட நினைவிருக்காது. வயிற்றுப்போக்கு நினைவிருக்கும். வருடம் தவறாமல் இரண்டாம் நாளே ஆரம்பித்துவிடும்.

அத்தனை பிள்ளைகளுக்கும் இரண்டே கக்கூஸ். டிசம்பர் குளிரில் மங்கி கேப்பும் கம்பளியுமாக, கையில் வாளியோடு வரிசை. ஜெபத்துக்குக் கண்ணை மூடித் திறந்தால் முன்வரிசையே காலி!

சமையல் என் அம்மா. தேயிலைக் கொழுந்து எடுக்கிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து சமைப்பாள்.

குடிக்க, பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். நம்ம ஊர் ஹோட்டலில் தருவார்களே, அந்த ரோஸ் கலர் தண்ணீர். கலரைப் பார்த்தாலே காய்ச்சினது என்று நம்பிக் குடிக்கிற ஆட்கள்தானே நாம்.

சார் விறகு கொடுப்பது ஒரு குண்டான் கொதிக்க மட்டும். அதை டிரம்மில் ஊற்றிவிட்டு, மீதிக்கு ஓடைத் தண்ணீர்.

"சார், பச்சத் தண்ணியக் கலக்காதீய. பிள்ளையளுக்கு வயித்தால போவுது" என்று அம்மா என் கண் முன்னால் கெஞ்சினாள்.

"கலர் வந்துட்டுல்லா... போதும்க்கா" என்றார். அவர் குடித்தது வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க் தண்ணீர்.

அப்புறம் மைக்கைப் பிடித்து, "நம்ம ரோஸ்மேரி அக்கா சாம்பார்ல என்னத்தப் போட்டாவளோ... இனி அவிய பேதிமேரி!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தப் பெயர் நாங்கள் குடியிருந்த எஸ்டேட் லய வீடுகளுக்கு வந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்துக்கும் வந்தது.

அடுத்த வருடம் வேறு ஆள் கிடைக்காமல் அம்மாவையே கூப்பிட்டார். கடைசி நாள் சாருக்கு உபவாசம். ஒரு பருக்கை தொடவில்லை. ஆனால் காலைப் பிரசங்கத்தில் தொண்டை வறண்டு, பிளாஸ்க்கும் காலியாகி, அதே டிரம் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்.

சாயங்காலம் முடிவு ஜெபம். "பரம பிதாவே" என்றார்... வயிற்றைப் பிடித்தார்... ஆமென் சொல்லாமலே ஓடினார். அவர் செய்ததிலேயே மிகச் சின்ன ஜெபம் அதுதான்.

திரும்பி வந்து மைக்கில் என்ன சொன்னார் தெரியுமா?

"பேதிமேரி சாம்பாரு வாசம் பட்டதுக்கே இந்தப் பாடு!"

மறுபடி சிரிப்பு. சாம்பாரையே தொடாத மனுஷனுக்கு எப்படி வயிறு போச்சு என்று ஒருத்தர் கேட்கவில்லை, ஒருத்தர்கூட! அம்மா அதற்குப் பிறகு எந்த விசேஷ வீட்டிலும் கரண்டி பிடிக்கவில்லை.

இன்று அவர் போட்டோவுக்குக் கீழே ஒரு கமெண்ட்: "சார் வைத்த பேதிமேரி பேரை மறக்க முடியுமா." பக்கத்தில் சிரிப்பு எமோஜி. அதற்கு வரிசையாக லைக் வேறு... வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

அம்மாவுக்கு போன் பண்ணினேன்.

"செத்த மனுசன், ஒண்ணும் எழுதாதட்டி" என்றாள். அப்புறம் கேட்டாள்: "அந்தப் பேரையும் சேத்துப் பொதைச்சிருவாவளாட்டி?"

எழுதிவிட்டேன்மா.

போய் வாருங்கள், சார். என் அம்மாவின் பெயர் ரோஸ்மேரி.