இடப்பக்கம் போன குரல்

ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் மிக்சிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்த டைரக்டர்கள்கூட. படத்தின் வசனம், இசை, மழை, காலடி, கதவு கிறீச்சிடுவது எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக அவளிடம் வந்து சேரும். எது முன்னால் கேட்க வேண்டும், எது முதுகுக்குப் பின்னால் கேட்க வேண்டும், எது ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர வேண்டும் என்று பார்த்து, அறையைச் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. "வீட்டுல ஒரு ஆளை என் பேச்சைக் கேட்க வைக்க முடியல. இங்க தியேட்டர் பூரா கேட்க வைக்கிறேன்" என்று சிரிப்பாள்.

அந்த ஒரு ஆள்தான் அந்த ஸ்பீக்கர்களைச் சுவரில் மாட்டியவர். எலெக்ட்ரீஷியன். ஸ்டுடியோ கட்டும்போது ஒயரிங் வேலைக்கு வந்தவர், ஏணியில் நின்றபடியே அவளிடம் பேச்சுக் கொடுத்து, கீழே இறங்குவதற்குள் கல்யாணம்வரை பேசி முடித்துவிட்டார் என்று அவருடைய தங்கை கேலி செய்வாள். சும்மா இருக்கத் தெரியாத வாய். "கரண்டுகூட என்னை ஒண்ணும் பண்ணினதில்ல. இவ முறைச்சாதான் ஷாக் அடிக்குது" என்பார் வீட்டுக்கு வருகிறவர்களிடம்.

அப்படிப்பட்ட மனுஷனைப் பக்கவாதம் சாய்த்துப் போட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது இடது கையும் காலும் துவண்டிருந்தன. அது எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பாராதது, அவருக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போனது. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பார். வலது கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார்.

"தட்டுல பாதி அப்படியே இருக்குங்க."

"எங்க இருக்கு? கழுவி வச்ச மாதிரி இருக்கு. முதல்ல நீ போய்க் கண்ணாடி போடு."

தட்டை அரைவட்டமாகத் திருப்பி வைத்தால், "இது எப்ப வச்ச?" என்று ஆச்சரியப்படுவார்.

"கண்ணு, காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ. "அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதை மூளைதான் கண்டுக்க மாட்டேங்குது."

பகலில் அவரைப் பார்த்துக்கொண்ட நாத்தனாருக்கு விடுப்பு தீர்ந்தது. வேறு வழியில்லாமல் அவரைத் தன்னோடு ஸ்டுடியோவுக்கே கூட்டிவரத் தொடங்கினாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சோபா. அதில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைப்பாள். வாய் ஓயாமல் பேசியவர், அங்கே விருந்தாளி போல் அடங்கி உட்கார்ந்திருப்பார்.

அன்று ஒரு பைக் காட்சி. பைக் வலப்பக்கம் கிளம்பி, பார்ப்பவரைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கமாகப் பின்னால் போய் மறைய வேண்டும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கையால் நகர்த்திக் காட்டினால் போதும், மென்பொருள் அதை ஒரு கோடாகப் பதிந்துகொண்டு அடுத்த முறை தானாகவே நகர்த்தும். அதற்குத்தான் ஆட்டோமேஷன் என்று பெயர். அவள் நகர்த்திப் பதிந்துவிட்டு, மறுபடி ஓடவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்கத் திரும்பினாள்.

அவர் தலை பைக்கோடு கூடவே போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்தது. நடுவைக் கொஞ்சம் தாண்டியும் போனது. பிறகு தடுமாறி, சட்டென்று வலப்பக்கமே திரும்பித் தேடியது.

"வண்டி எங்கங்க போச்சு?"

"நின்னு போச்சு. பெட்ரோல் தீர்ந்திருக்கும்."

நடுவைத் தாண்டியது. அதுதான் அவள் மனசில் ஒட்டிக்கொண்டது. அன்று மாலையே பிசியோவுக்குப் போன் செய்து, சத்தத்தை நகர்த்தியே அவரை இடப்பக்கம் திரும்ப வைக்கலாமா என்று கேட்டாள். "செஞ்சு பாருங்க. மெதுவா நகர்த்துங்க. ஆனா ரொம்ப எதிர்பார்த்துடாதீங்க" என்றாள் பிசியோ. நல்லதை மட்டும் கேட்கும் காது நம் எல்லோருக்கும் உண்டு. அவளுக்கும் முதல் பாதிதான் கேட்டது.

பைக்கை அவர் எத்தனை நாள் கேட்பார்? வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் அவ்வப்போது குரல் பதிவு அனுப்புவாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அந்தப் பதிவுகளில் நீளமான ஒன்றை இவள் எடுத்தாள். "அப்பா, நான்தான் வாலு. என்னப்பா பண்ற? அம்மாவைத் திட்டினியா?" என்று தொடங்கி, மேலதிகாரி, பனி, தொலைந்த குடை என்று போகும் பேச்சு. அந்தக் குரலை வலது ஸ்பீக்கரில் வைத்து, எறும்பு ஊர்வதுபோல் இடப்பக்கம் நகரும்படி கோடு வரைந்தாள்.

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அதை ஓடவிடுவாள். மகளின் குரல் கேட்டதும் அவர் முகம் மலரும். கழுத்து குரலோடு நகரும். நாளாக ஆக நடுவைத் தாண்டி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அவர் கழுத்து எட்டும் இடத்துக்கு ஒரு விரல்கடை தள்ளிக் கோட்டை நீட்டுவாள். நாத்தனாரிடம் "உங்கண்ணன் திரும்புறார்டி, பாரு" என்று சொல்லும்போது அவள் குரலே மாறிப் போயிருந்தது.

ஒரு நாள் குரல் தொடங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேண்டாம். நிறுத்து."

"ஏங்க, கழுத்து வலிக்குதா?"

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"யார்கிட்ட?"

"வாலுகிட்டதான். நல்லாத்தான் பேசிட்டிருக்கா. பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போயிடுறா. தினமும் வர்றா, தினமும் போயிடுறா." அவர் வலது கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. இடது கன்னத்திலும் வழிந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. "எட்டி எட்டிப் பார்க்கிறேன். நிக்க மாட்டேங்குறா."

"அவ எங்கயும் போகலைங்க. குரலை நான்தான் இடப்பக்கம் நகர்த்துறேன். நீங்க மட்டும் அந்தப் பக்கம் திரும்பினீங்கன்னா..."

"எந்தப் பக்கம்?"

ஆயிரம் சத்தங்களுக்கு இடம் சொன்னவளால், அவருக்கு அந்த ஒரு பக்கம் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. அவர் குணமாகித் திரும்புகிறார் என்று அவள் பூரித்த நாளெல்லாம், அவர் போகிற மகளைப் பிடித்து நிறுத்தத்தான் கழுத்தை நீட்டியிருக்கிறார்.

திரையில் அந்தக் கோடு இன்னும் சரிந்து கிடந்தது. அதை அழித்தாள். குரலை வலது ஸ்பீக்கரிலேயே அசையாமல் நிறுத்தி, முதலிலிருந்து ஓடவிட்டாள். மேலதிகாரி, பனி, குடை, கடைசியில் "வச்சிடறேன்பா" வரை அவர் அசையாமல் கேட்டார்.

"இன்னைக்குத்தான் முழுசாப் பேசினா" என்றார்.

பிசியோ வருத்தப்பட்டாள். "வேற ஏதாவது சத்தம் வச்சு விடாமச் செய்யணும். விட்டா இதுவரைக்கும் வந்ததும் போயிடும்." இவளும் வேறு சத்தம் வைத்துப் பார்த்தாள், அவர் கண்ணைத் திறக்கவே மறுத்தார். பிசியோ சொன்னதுபோலவே வந்ததெல்லாம் போனது. அவர் தலை மறுபடி வலப்பக்கமே சாய்ந்து நின்றது. செய்தது சரியா தப்பா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. படம் வெளியானதும் டைரக்டர் போன் செய்து, "பைக் சீன்ல தியேட்டரே திரும்பிப் பார்த்துச்சுக்கா" என்றார். "அப்படியா, சந்தோஷம்" என்று வைத்துவிட்டாள்.

அதன் பிறகு வீட்டில்தான் மாற்றங்கள் செய்தாள். வருகிறவர்களை அவர் பார்க்கட்டும் என்று, வாசல் அவருக்கு வலப்பக்கம் வரும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டாள். தண்ணீர், மருந்து, ஃபேன் சுவிட்ச் எல்லாம் வலப்பக்கம் வந்தன. இடப்பக்கச் சுவர் மொட்டையாகக் கிடந்தது.

மகள் விடுப்பில் வந்தாள். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தெரியாமல் கட்டிலின் இடப்பக்கம் நின்று "அப்பா" என்றாள். அவர் வாசலைப் பார்த்து, "வாலு வந்துட்டாளா? எங்க?" என்று தேடினார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா அவள் கையைப் பிடித்து, கட்டிலைச் சுற்றி வலப்பக்கம் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

"பாதியில போயிட மாட்டியே?" என்றார்.

"லீவு முடியற வரைக்கும் இங்கதான்ப்பா."

இருந்த நாளெல்லாம் அவள் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. அவரும் பழைய வாய்த்துடுக்கில் பாதியை மீட்டுக்கொண்டு, "உங்கம்மா இப்பல்லாம் முறைச்சாலும் ஷாக் அடிக்கிறதில்ல, பியூஸ் போயிடுச்சு" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

கிளம்பும் நாள் வந்தது. மகள் அவர் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். வாசல் அவருக்கு வலப்பக்கம். அவள் செருப்பு மாட்டுவதை, திரும்பிப் பார்ப்பதை, படியிறங்குவதை ஒன்றுவிடாமல் பார்த்தபடி படுத்திருந்தார். அம்மா கதவைச் சாத்தப் போனாள்.

"இருக்கட்டும்" என்றார் அவர். "இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கட்டும்."