இரண்டு ஜோடி பிரேக் பேட்

சித்தப்பா எங்கே உட்கார்ந்தாலும் வலது காலால் தரையை அழுத்துவார். டிவியில் லாரி வளைவில் திரும்பினால் அழுத்துவார். பஸ்ஸில் போனால் முன்சீட்டுக் கம்பியை மிதிப்பார். சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். இந்த மனுஷனுக்கு வீடும் ஒரு வண்டிதான் என்பாள் சித்தி.

அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டும் மெஷின் ஓட்டினார். ஊரைவிட்டுப் போன ஒருவரிடம் வாங்கிய பழைய டூரிங் பைக் அவரிடம் இருந்தது. பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, நடுவில் சோபா மாதிரி சீட். கல்யாணமான புதிதில், இதிலேயே மலைப்பாதை வழியாக இறங்கிக் கடல் காட்டுகிறேன் என்று சித்தியிடம் சொல்லியிருந்தாராம். பிறகு ஓவர்டைம், பிள்ளைகளின் பரீட்சை, யாராவது ஒருவர் சாவு. கடல் எங்கே போய்விடும் என்று இருவரும் இருந்துவிட்டார்கள்.

சித்தியின் முதுகெலும்பில் ஆபரேஷன் செய்யவேண்டும், அதற்கப்புறம் பைக்கை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை போய்வரலாமா என்று கேட்டார் சித்தப்பா. முதுகு குலுங்காமல் முடியுமென்றால் போங்கள் என்று பதில் வந்தது. ஒரு மாதம் இருந்தது.

வண்டியில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேட் தேய்ந்திருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவன் நான். எது வாங்கினாலும் என் வாயைப் பார்ப்பார்கள். கடைக்காரர் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று உலோகத்தூள் கலந்தது: எவ்வளவு சூடானாலும் பிடிக்கும், ஆனால் வெடுக்கென்று பிடிக்கும். இன்னொன்று மிருதுவானது, பூப்போல நிறுத்தும். ஆனால் ஆளும் பெட்டியுமாக மலையிறங்கினால் சூட்டில் கைவிட்டுவிடும் என்றார். "படிச்சவன், நீயே சொல்லு" என்றார் சித்தப்பா. நான் போனில் ரொம்ப நேரம் படித்துவிட்டு உலோகத்தூள் பேடைக் காட்டினேன். உயிர்தானே முக்கியம் என்று நினைத்தேன். முதுகைப் பற்றி ஏன் நினைக்கவில்லை என்று தெரியவில்லை.

மாட்டி, கொஞ்ச தூரம் தனியாக ஓட்டிப் பழக்கியபின் சித்தியை ஏற்றிக்கொண்டு தெருமுனைவரை போனார். குறுக்கே ஒரு நாய் வந்தது. வண்டி வெடுக்கென்று நின்றது. சித்தி இறங்கி, அவர் தோளைப் பிடித்தபடியே வீடுவரை நடந்து வந்தாள்.

மறுநாள் மிருதுவானதை வாங்கி மாட்டினார். பின்சீட்டில் சித்தியின் எடைக்கு மணல்மூட்டை கட்டிக்கொண்டு, தனியாக மலைப்பாதையில் இறங்கிப் பார்த்தார். உங்க சித்தி இவ்வளவு பேசாம வந்ததே இல்லைடா என்று கிளம்பும்போது சிரித்தார். சாயங்காலம் திரும்பியபோது சட்டை முழுக்க மண், சக்கரத்தில் கருகிய வாடை. பாதி இறக்கத்தில் பிரேக் பிடித்தும் வண்டி ஓடியிருக்கிறது. ஓரத்து மண்மேட்டில் விட்டு நிறுத்தியிருக்கிறார்.

"நிக்கிறது அவளுக்கு ஆகாது. அவளுக்கு ஆகுறது நிக்காது" என்றார்.

பஸ்ஸில் போகலாமே என்றேன்.

"பஸ்ல போறதுக்கு இவரு எதுக்குப்பா? டிக்கெட் போதுமே" என்றாள் சித்தி. அவர் சிரிக்கவில்லை.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டலாமா, வேறு கம்பெனி உண்டா என்று கடைகடையாக ஏறி இறங்கினார். அவர் தேடியது பேடா, போகாமலிருக்க ஒரு சாக்கா என்று எனக்கு அப்போது சந்தேகம் வந்தது. மணல்மூட்டையை நினைத்தால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. மாதம் முடிந்தது. ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் வலது கால் தரையை அழுத்தியபடியே இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஆலையில் மெஷின் பக்கத்திலேயே சரிந்து விழுந்தார். மாரடைப்பு.

கழற்றிய இரண்டு ஜோடியும் டிவிக்குக் கீழே இழுப்பறையில் கிடக்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்ததும் கார் வாடகைக்கு எடுத்து, கடலுக்குப் போகலாம் வா சித்தி என்று கூப்பிட்டேன். இடுப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"கடல் காட்டுறேன்னு நீயா சொன்னே? சொன்னவரு அவரு" என்றாள்.

காரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சித்தி இன்னும் கடலைப் பார்க்கவில்லை.