துடைப்பத்தோடு நடந்தவர்

என் அண்ணனுக்கு ஆலையில் வைத்த பெயர் துடைப்பக்கட்டை. வேறு யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் கைகலப்பில் முடியும். அவருக்கோ அதில் அப்படியொரு பெருமை. "ஆமா, துடைப்பக்கட்டைதான். நான் முன்னால போனாத்தான் உங்க இன்ஜினியருங்க பின்னால வருவாங்க" என்று சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொள்வார்.

சும்மா சொல்லவில்லை, அதுதான் அவர் வேலை. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிற ஆலை அது. எடுத்த வாயுவை அழுத்தி, நீளமான குழாய் வழியே கொண்டுபோய் லாரிகளில் நிரப்புவார்கள். அந்த வாயு தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. புகை வராது, வாடை வராது, பக்கத்தில் போகும்வரை சூடுகூடத் தெரியாது. குழாயில் ஓர் இணைப்பு கசிந்து, ஆள் உயரத்துக்குத் தீ பாதையை மறித்து நின்றாலும், வெறும் காற்று என்று நினைத்து நேரே உள்ளே நடந்து போய்விடலாம். அதனால் குழாயைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர் நீளக் கம்பில் கட்டிய துடைப்பத்தை முன்னால் நீட்டி, மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே போக வேண்டும். துடைப்பத்தின் நுனி பற்றினால் அங்கே தீ இருக்கிறது, நில் என்று அர்த்தம். இந்தத் தீயைப் பார்க்கிற கேமராக்கள் இருக்கின்றன. ஆனால் கம்ப்ரஸர் கொட்டகைக்கு மட்டும்தான் வாங்கினார்கள். குழாய்ப் பாதைக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

முதல் தடவை கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் அதே ஆலையில் கேன்டீன் நடத்திக்கொண்டிருந்தேன். "ஏன்ணா, இத்தனை கோடியைக் கொட்டிட்டு கடைசியில என் சமையல்கட்டுத் துடைப்பத்தைத்தான் நம்புறீங்களா?" என்றேன். "சிரி, சிரி. உன் அடுப்பு நெருப்பு மூஞ்சியைக் காட்டும். இது காட்டாது" என்றார். கூட நின்ற அவர் கூட்டாளி சவுண்டு சாப்பாட்டை மென்றுகொண்டே தலையாட்டினான்.

சவுண்டு அண்ணனோடு குழாய்ப் பாதையில் நடந்தவன். வாயைத் திறந்தால் கூரை அதிரும், அதனால் அந்தப் பெயர். அண்ணனைவிட வயதில் சின்னவன். ஒருவர் துடைப்பத்தோடு முன்னால் போனால் மற்றவர் பின்னால், வால்வு பக்கம் கண் வைத்தபடி வருவார். மறுநாள் இடம் மாற்றிக்கொள்வார்கள். ஒரே டப்பாவில் இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். அண்ணிகூட, "எனக்கு வாய்ச்ச சக்களத்தி" என்று அவனைக் கேலி செய்வாள்.

அண்ணன் அந்த ஆலையை எவ்வளவு நம்பினார் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். அதற்கு முன்னால் நிலக்கரி அனல்மின் நிலையத்தில் இருந்தவர். அதை ஒரே நாளில் இழுத்து மூடினார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு பூட்டு தொங்கியது. அண்ணன் வீட்டு முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே கிடந்தார். பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவார். அப்போதுதான் ஹைட்ரஜன் ஆலை வந்தது. மனுஷனுக்கு உயிர் திரும்பிவிட்டது. டீக்கடையில், பஸ்ஸில், முடிவெட்டும் கடையில், ஆள் கிடைத்தால் போதும், பிடித்துக்கொள்வார். "இனிமே தண்ணிதான் எரிபொருள். லாரி இதுல ஓடும், இரும்பாலை இதுல ஓடும், நாடே இதுல ஓடப்போகுது. அதுல நம்ம ஊரு முதல் ஊரு." அரசாங்கம் விளம்பரத்துக்குக் கொட்டிய பணத்தில் பாதியை இவருக்குக் கொடுத்திருக்கலாம், இன்னும் நன்றாகச் செய்திருப்பார்.

இரண்டாம் கட்டத் திறப்பு விழா வந்தது. தேசிய ஹைட்ரஜன் திட்டத்தை நாடு முழுக்க விரிவாக்கப் போகிறோம் என்று மந்திரி இங்கிருந்துதான் அறிவிப்பதாக ஏற்பாடு. குழாய்களுக்கெல்லாம் பச்சை வண்ணம் அடித்தார்கள். விழாவன்று காலையில் மக்கள் தொடர்பு அதிகாரி குழாய்ப் பாதைக்கு வந்தார். அண்ணன் கையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னப்பா இது? உலகமே பார்க்கிற நிகழ்ச்சி. எதிர்கால எரிசக்தின்னு மந்திரி பேசுறப்போ பின்னால ஒருத்தன் துடைப்பத்தோட நிக்கிறதா?"

"சார், இது இல்லாம நடக்கக் கூடாது சார். அது விதி."

"இன்னைக்கு ஒருநாள் மட்டும். எல்லாத்தையும் கட்டி ஸ்டோர்ல போட்டுப் பூட்டுங்க. ஷிப்ட் இன்ஜினியர்கிட்ட பேசிட்டேன்."

இதை அண்ணன் கேன்டீனில் வந்து சொன்னபோது நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "நீ முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "விடு, நல்ல நாள் அதுவுமா எதுக்கு வம்பு? விழா முடிஞ்சதும் எடுத்துக்கலாம்" என்றார். விழாவுக்காகத் துவைத்து இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். கல்யாணத்துக்குக்கூட அவர் அப்படி உடுத்தி நான் பார்த்ததில்லை.

மேடையில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, பஸ்ஸில் வந்த கல்லூரிப் பிள்ளைகளைக் குழாய்ப் பாதை வழியே படமெடுக்க அழைத்து வந்தார்கள். அண்ணனும் சவுண்டும் அவர்களுக்கு முன்னால் வெறுங்கையோடு நடந்தார்கள். ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. சாதாரண நாளாக இருந்தால் கசிவின் சீறல் கேட்டிருக்கும். அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. ஓர் இணைப்புக்குப் பக்கத்தில் புதுப் பச்சை வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்புவதை அண்ணன் பார்த்தார். தீ அங்கேதான் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது, தெரியவில்லை. கத்தினார், சவுண்டும் கத்தினான், யார் காதிலும் விழவில்லை. பின்னால் பிள்ளைகள் தங்களையே போனில் படமெடுத்தபடி சிரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

என் அண்ணன் வலது கையை நீட்டி, துடைப்பத்தை ஆட்டுவது போல ஆட்டிக்கொண்டே முன்னால் போனார்.

கை கண்டுபிடித்துவிட்டது. இஸ்திரி போட்ட சட்டை முழங்கைவரை பற்றிக்கொண்டது. அவர் விழுந்த இடத்தைப் பார்த்துத் தீ எங்கே நிற்கிறது என்று புரிந்துகொண்ட சவுண்டு, சுற்றி ஓடி வால்வை மூடினான். தன் சட்டையைக் கழற்றி அண்ணன் கையைச் சுற்றி அமுக்கினான். பிள்ளைகளிடம் யாரோ, "பயப்படாதீங்க, பாதுகாப்பு ஒத்திகை" என்று சொல்லியிருக்கிறார்கள். அதுகள் கை தட்டின. ஒலிபெருக்கி ஓய்ந்த இடைவெளியில் அந்தக் கைதட்டல் கேட்டுத்தான் நான் கேன்டீனிலிருந்து எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரிக்கு எங்களுக்கு முன்னாலேயே மக்கள் தொடர்பு அதிகாரி வந்துவிட்டார். கட்டிலில் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, பெற்ற தகப்பன் மாதிரி பேசினார். "வைத்தியம் முழுக்க எங்க பொறுப்பு. வேலை எங்கேயும் போகாது. ஆனா முதல் நாளே தீ விபத்துன்னு செய்தி வந்தா, இந்தத் தொழில் மேல பணம் போட வர்றவன் ஒருத்தன் நிப்பானா? கேன்டீன்ல கொதிக்கிற எண்ணெய் கொட்டிடுச்சு. அவ்வளவுதான்."

"யாரு கேன்டீன்ல? என் கேன்டீன்லயா? நீங்க துடைப்பத்தைப் பூட்டி வச்சதுக்கு என் அடுப்பு மேல பழியா?" என்று கத்தினேன். நர்ஸ் ஓடி வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போகவில்லை.

அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீ சும்மா இரு" என்றார். பிறகு, "இந்தத் தொழில் இப்பதான் தவழுது. இதையும் மூடிட்டாங்கன்னா? இன்னொரு தடவை அந்தச் சுவரைப் பார்த்துட்டு உட்கார என்னால முடியாது" என்றார். டாக்டர் வந்து கேட்டபோது, எண்ணெய் என்று சொன்னார். சவுண்டு கதவோரம் நின்றிருந்தான். அவனையும் கூப்பிட்டு, "வாயை மூடிக்கோடா, எனக்காக" என்றார். ஊரே அதிரப் பேசுகிறவன், தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான்.

கேன்டீனை ஒன்றும் செய்ய மாட்டோம் என்று அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் கட்டுப் பிரிப்பதற்குள் என் அடுப்புக்குச் சீல் வைத்தார்கள், குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றினார்கள். நடந்ததை நான் தெருத் தெருவாகச் சொன்னேன். யார் நம்பினார்கள்? கேன்டீன் போன வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்றார்கள். சொந்த அண்ணனே எண்ணெய் என்று சொல்லும்போது நான் என்ன சொல்லி என்ன? அவரிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு, பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அவருக்குப் புது வேலை கொடுத்தார்கள். பார்வையாளர் அறையில் நின்று, வருகிற கூட்டத்துக்கு ஹைட்ரஜனின் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்ல வேண்டும். சுருங்கிப்போன விரல்கள் தெரியாதபடி வெள்ளைக் கையுறை. "இதைவிடப் பாதுகாப்பான எரிபொருள் கிடையாது" என்று தினமும் சொன்னார்.

துடைப்பங்கள் ஸ்டோரிலிருந்து திரும்பி வரவேயில்லை. ஷிப்ட் இன்ஜினியரிடம் சவுண்டு போய்க் கேட்டிருக்கிறான். "இதுவரைக்கும் ஒரு தீகூட இல்லையே, எதுக்குத் துடைப்பம்?" என்று பதில் வந்தது. உண்மைதான், அவர்கள் கணக்கில் தீ எதுவும் நடக்கவில்லையே! நடக்காத தீக்காக எவன் இணைப்பைக் கழற்றிப் பார்ப்பான்? மேலோட்டமாக இறுக்கி, மறுபடி வண்ணம் பூசிவிட்டார்கள். துடைப்பத்துக்குப் பதிலாகச் சவுண்டு கையில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார்கள். வாயு கசிந்தால் அது கத்தும். கசிகிற வாயு எரிந்துகொண்டே இருந்தால் பெட்டிக்கு எட்ட ஒன்றும் மிஞ்சாது, அது வாயைத் திறக்காது. அண்ணனுக்கு இது தெரியும். சவுண்டுக்கும் தெரியும். "பார்த்துப் போடா" என்று அண்ணன் சொல்வாராம். "சரிண்ணே" என்பானாம். அதற்கு மேல் பேசினால் ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யைத் தொட வேண்டியிருக்கும், அதனால் இரண்டு பேரும் நிறுத்திக்கொள்வார்களாம்.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், அதே இணைப்பில், சவுண்டு நேரே நடந்து தீக்குள் போய்விட்டான். இரண்டாம் கட்டத்துப் புது கம்ப்ரஸர்களின் இரைச்சலில் சீறல் கேட்கவில்லை, பெட்டியும் கையில் பேசாமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தான். தொண்டை வெந்துவிட்டதால் சத்தமே வரவில்லை. அந்தக் குரல் போன கொடுமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டான்.

அண்ணன் அன்று கையுறையைக் கழற்றியவர்தான், அப்புறம் போடவில்லை. அண்ணி தட்டில் வைத்த சோற்றைத் தொடவில்லை. சவுண்டின் மனைவி வீட்டு வாசலுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கதவைச் சாத்தவில்லை. கேட்டுக்கொண்டே நின்றாள். திரும்பி வந்தவர் நேரே என் வீட்டுக்கு வந்து, "விசாரணை வைக்கிறாங்க. நான் சொல்லப் போறேன். நீயும் கூட வா" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

விசாரணைக்கு வெளியூர் அதிகாரி வந்திருந்தார். சவுண்டு தன் கவனக்குறைவால் பாதையை விட்டு விலகி நடந்தான் என்று ஆலை சொன்னது. அது நிலைத்தால் அவன் பெண்டாட்டி பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது, அந்த இணைப்பையும் எவனும் தொட மாட்டான். அண்ணன் எழுந்து நின்று, வெந்த கையை மேசைமேல் வைத்தார். விழா நாளில் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் புரட்டினார்.

"இதுல எண்ணெய்னு இருக்கு. நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா சார்."

"அப்போ அது பொய்யா?"

"பொய் சார்."

"அப்போ பொய் சொன்னவர், இப்போ சொல்றதை மட்டும் நாங்க எப்படி நம்புறது?"

நான் எழுந்தேன். "நான் பார்த்தேன் சார்" என்றேன். ஆலை வக்கீல் சிரித்தார். "இவங்க தங்கச்சி. கேன்டீன் பறிபோனவங்க" என்றார். அதிகாரி என்னை உட்காரச் சொல்லிவிட்டார். அண்ணன் வேறு யாராவது பேசுவார்களா என்று அறை முழுக்கப் பார்த்தார். அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. அவரவருக்கு ஒரு குடும்பம், அவரவருக்கு ஒரு பயம், நான் குறை சொல்ல மாட்டேன்.

கடைசி வரிசையில் இருந்து சவுண்டின் மனைவி எழுந்தாள்.

"நான் நம்புறேன் சார்" என்றாள். "இந்த அண்ணன் சொல்றது அத்தனையும் நிஜம்."

அண்ணன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் பார்த்தேன். அவர் கை கூப்பப் போனார்.

அவள் அதிகாரியைப் பார்த்தபடியே பேசினாள். "என் வீட்டுக்காரர் நடந்த வழியில தீ இருக்குன்னு இவருக்கு முன்னாடியே தெரியும்னு நம்புறேன். அதனாலதான் சார் கேக்குறேன், தயவுசெஞ்சு இவரை இனிமே என் வாசலுக்கு வர வேண்டாம்னு சொல்லுங்க."

அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார் அதிகாரி.