முன்பணம் வாங்காத வெப்சைட்

அறை காலியானதும் பங்கஜவல்லி முதலில் தலையணையை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். நல்லெண்ணெய் வாசம் வந்தால் உறையைக் கழற்றி வராந்தாவில் வீசிவிட்டு, படியிறங்கிப் போகிற குடும்பத்தின் காதில் விழும்படியே சொல்வாள்: “தலையத் தொவட்டிட்டுப் படுங்கன்னு எழுதியும் போட்டாச்சு, வாயாலயும் சொல்லியாச்சு. இன்னும் என்ன, நானே வந்து தொவட்டி விடணுமா?” போகிறவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களும் கோபித்துக்கொள்வதில்லை. அதே வாய்தானே விடிகாலையில் “சுடுதண்ணி ரெடி, எந்திரிங்க” என்று கதவு கதவாகத் தட்டி எழுப்பியது.

சனி தோஷம் போக எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகுகிற திருநள்ளாற்றில், கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது வைத்திலிங்கம் லாட்ஜ். ஒன்பது அறை. வைத்திலிங்கம் அவளுடைய மாமனார். வீடாகக் கட்டியதை அவர் காலத்திலேயே தடுத்துத் தடுத்து அறையாக்கிவிட்டுப் போனார். குரும்பகரத்தில் நெல் விளைவிக்கிற குடும்பத்திலிருந்து மருமகளாக வந்த பங்கஜவல்லி, வயலைப் பார்த்துக்கொள்வதைப் போல லாட்ஜைப் பார்த்துக்கொண்டாள். விடிந்ததும் ஒரு சுற்று, பொழுது சாயும்போது ஒரு சுற்று, நடுவில் யாராவது அத்துமீறினால் ஒரு சண்டை. கணவர் அன்பழகனுக்குக் காரைக்காலில் மின்துறையில் உத்தியோகம். லாட்ஜைப் பொறுத்தவரை அவருக்கு ஒரே வேலைதான். பங்கஜவல்லி சண்டை போட்டுவிட்டு வந்த பிறகு எதிராளியிடம் போய், “மனசுல வச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வருவது. ஓய்வில்லாத வேலை அது.

சண்டைகளில் பெரியது புரோக்கர்களோடு. சனிக்கிழமை என்றால் ஊர் நிரம்பிவிடும். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வேனில் வந்து இறங்குபவர்களை நிறுத்தத்திலேயே மடக்கி, இந்த லாட்ஜ், அந்த லாட்ஜ் என்று அழைத்துப்போகிற ஆட்கள் நீலகண்டனின் ஆட்கள். அறைக்கு இவ்வளவு என்று லாட்ஜ்காரர்கள் அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். பங்கஜவல்லியும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள், ஒரு நாள் வயதான தெலுங்குக்காரர் ஒருவர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, “கொள்ளையம்மா” என்று சொல்லிவிட்டுப் போகும்வரை. அவள் சொன்ன வாடகையைப் போல இரண்டு மடங்கை வழியிலேயே வாங்கியிருக்கிறார்கள். அன்றோடு நிறுத்திவிட்டாள். “என் ரூமுக்கு வெல நான் சொல்லணும். பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் சொல்லக் கூடாது.” மறுநாளிலிருந்து வைத்திலிங்கம் லாட்ஜில் தண்ணீர் இல்லை, பாம்பு இருக்கிறது, மூடிவிட்டார்கள் என்று தினம் ஒரு செய்தி பேருந்து நிலையத்தில் உலவியது. சனிக்கிழமைகளில்கூட பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன.

அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் வெப்சைட். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒருவர் குடும்பத்தோடு தங்கியபோது, “இப்பல்லாம் கெளம்பறதுக்கு முன்னாடியே நெட்ல பாத்துட்டுத்தாங்க வர்றோம், உங்க லாட்ஜ் அதுல இல்லையே” என்று சொல்லிவிட்டுப் போனார். பங்கஜவல்லி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் மோட்டாருக்கென்று சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் இருந்தது. 2009 செப்டம்பரில் சனிப்பெயர்ச்சி. அதற்குள் நீலகண்டனின் தயவில்லாமல் ஒன்பது அறையும் நிரம்ப வேண்டும். இல்லாவிட்டால் லாட்ஜை அவன் கையில் கொடுத்துவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் டை கட்டிக்கொண்டு வந்தார். முன்பணம் வாங்கிப் போனவர் அடுத்த மாதம் லேப்டாப்போடு வந்து முன்கூடத்தில் திறந்து வைத்தார். மணி அடித்தது. பூ விழுந்தது. ஒரு காக்கை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பறந்தது. பிறகு திரை முழுக்கச் சனி பகவான், நேர்ப் பார்வையாக, கண் இரண்டும் ஜொலிக்க. பங்கஜவல்லி சட்டென்று இரண்டடி விலகி, லேப்டாப்புக்குச் சாய்வாகப் போய் நின்றுகொண்டாள். கூட்டிக்கொண்டிருந்த லாட்ஜ் வேலைக்காரி மாரிக்கண்ணுவும் துடைப்பத்தோடு ஒதுங்கினாள்.

“கொஞ்சம் நேரா நின்னு பாருங்க மேடம், அப்பதான் எஃபெக்ட் தெரியும்” என்றார் டை கட்டியவர்.

“நேரா நின்னா? அவரையா?”

“டிவைனா இருக்கும் மேடம்.”

“தம்பி, சன்னதியிலயே யாரும் அவரு கண்ணுக்கு நேரா நிக்க மாட்டாங்க. எவன் வீட்டு சாமி ரூம்லயாவது அவரு படத்தைப் பாத்திருக்கீங்களா? சனங்க உடுத்துன துணியக்கூட கொளத்துல விட்டுட்டுப் போறது எதுக்கு? புடிச்சத இங்கயே விட்டுட்டுப் போவத்தான். நீங்க அவர பொட்டியில வச்சு அவங்கவங்க வீட்டுக்கே அனுப்புறீங்க. பொண்டாட்டி புள்ள உக்காந்திருக்குற எடத்துல தொறந்தா, வெலக்குமாத்தாலல்ல அடிப்பாங்க?”

மாற்றினால் கூடுதலாக ஆகும் என்றார் அவர். பங்கஜவல்லி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வேறொன்று கேட்டாள். “இது பட்டா யாரு பேர்ல இருக்கும்?” அவருக்குப் புரியவில்லை. விளக்கியதும், வெப்சைட்டின் பெயர் கம்பெனி பேரில்தான் பதிவாகும், வருஷா வருஷம் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றார். நிலத்துக்காரர் மகளுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. “பட்டா உங்க பேர்ல, வெள்ளாமை என் செலவுல. நல்லா இருக்கே! மூடுங்க.” மணியோசை பாதியில் நின்றது. அன்பழகன் வழக்கம்போல வாசல் வரை போய், மனசுல வச்சுக்காதீங்க என்று சொல்லிவிட்டு வந்தார்.

“குடுத்தது போச்சே” என்றார் உள்ளே வந்து.

“போவட்டும். மிச்சத்தையும் குடுத்துட்டு அழச் சொல்றீங்களா?”

மிச்சம் கொஞ்சம்தான். அதை எடுத்துக்கொண்டு காரைக்காலுக்குப் போனாள். அங்கே கமர் நிஷா ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு கம்ப்யூட்டர் படித்தவள். ஒரு தையற்கடைக்கும், வளைகுடா போகிறவர்களுக்கு டிக்கெட் போடுகிற ஒரு கடைக்கும் வெப்சைட் செய்து கொடுத்திருந்தாள். பங்கஜவல்லி கையிலிருந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கமர் நிஷாவும் ஒளிக்கவில்லை. “இந்தக் காசுக்கு ஆட்டம் பாட்டமெல்லாம் வராதுக்கா. தொறந்தா தொறக்கணும், போன் நம்பர் கண்ணுல படணும், ரூம் எப்படி இருக்குன்னு தெரியணும். அதுக்கு மேல யாருக்கு என்னா வேணும்?” இதைச் சொல்லத்தான் அந்தக் கம்பெனிக்காரருக்கு வாய் வரவில்லை. இதை எழுதுகிற எனக்குக் கமர் நிஷாவைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். பங்கஜவல்லிக்கும் அப்படியே இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் அதைக் காட்டிக்கொள்ளாமல் பேரம் பேசினாள்.

பிறகு இருவரும் படங்களுக்காகச் சண்டை போட்டார்கள். கட்டிலுக்குப் பின்னால் சுவரில், எண்ணெய்த் தலையோடு சாய்ந்து சாய்ந்து ஒரு கறை. அதை விட்டுவிட்டு வேறு பக்கம் எடுக்கலாம் என்றாள் கமர் நிஷா. “இருக்கட்டும். வெள்ளையடிச்சாலும் அடுத்த சனிக்கிழமை வந்துடும். படத்துல ஒண்ணு, நேர்ல ஒண்ணுன்னு யாரும் என் வாசல்ல நின்னு பேசக் கூடாது.” கறை ஏறியது. குளியலறை ஏறியது, வாளியும் மக்கும் உள்பட. சந்து முனையிலிருந்து லாட்ஜ் வாசல் எப்படித் தெரியும் என்று ஒரு படம் ஏறியது. சனி பகவான் ஏறவில்லை. தெலுங்கில் எழுத ஆள் தேடிக் காசு செலவழிக்கவில்லை. நெல்லூரிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு வாத்தியாரம்மாவிடம் வாடகை, வெந்நீர் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, அந்தக் கையெழுத்தையே அப்படியே படமாக்கிப் போட்டார்கள். முடிந்ததும் பங்கஜவல்லி கேட்டாள்: “ஒன் கடையிலயே இருக்குறதுல சோம்பேறி கம்ப்யூட்டர் எது? அதுல தொற பாப்போம்.” கதவோரத்துக் கம்ப்யூட்டரில் திறந்தார்கள். முனகிவிட்டுத் திறந்தது. பெயரை அவள் பேரிலேயே பதிந்து, கடவுச்சொல்லை அவளையே அடிக்கச் சொல்லிவிட்டு, கமர் நிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்று மட்டும் முடியவில்லை. கம்ப்யூட்டரிலேயே முன்பணம் கட்டுகிற ஏற்பாட்டுக்கு இந்தப் பணம் எந்த மூலைக்கும் போதாது. அந்த இடத்தில் என்ன போடுவது என்று கமர் நிஷா கேட்டபோது, பங்கஜவல்லி நின்றபடியே சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்: போனில் கேளுங்கள். நாங்கள் சரி என்று சொன்னால் அந்த அறை உங்களுடையது. முன்பணம் வேண்டாம். நீங்கள் சொன்ன நாளில் நீங்கள் வரும்வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம்.

“பெயர்ச்சி அன்னிக்குமாக்கா?”

“அன்னிக்குத்தான்.”

போன் வர ஆரம்பித்தது. நெல்லூர், ஓசூர், பெங்களூர். நீலகண்டனின் ஆட்கள் பழைய பாம்பை மறுபடி அவிழ்த்துவிட்டார்கள். ஆனால் வந்தவர்கள் வாசலைப் படத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். நிலையத்தில் நின்றுகொண்டே அவளைக் கூப்பிட்டார்கள். அவள் சந்து முனைக்கு வந்து, புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு, “இங்க! இங்க வாங்க! பாம்பெல்லாம் லீவுல போயிருக்கு!” என்று கத்துவாள். டீக்கடையில் நீலகண்டன், “அண்ணி நெட்டு வச்சு மீன் புடிக்கிது, பாப்போம்” என்றான். அன்பழகனோடு ஒன்றாகப் படித்தவன் என்பதால் அவளை அவன் அண்ணி என்றுதான் சொல்வான், எவ்வளவு கெடுதல் செய்தாலும்.

பெயர்ச்சியன்று ஊர் கொள்ளவில்லை. மற்ற லாட்ஜ்களில் வராந்தாவுக்கும் மொட்டை மாடிக்கும்கூட வாடகை போனது. வைத்திலிங்கம் லாட்ஜில் எட்டு அறையிலும் போனில் சொன்னவர்கள் வந்துவிட்டார்கள். நான்காம் நம்பர் மட்டும் பூட்டிக் கிடந்தது. வரங்கல்லிலிருந்து ஒரு குடும்பம். காலையில் வருவதாகச் சொன்னவர்கள்; வெயில் ஏறிவிட்டது, போன் அணைந்து கிடந்தது. பங்கஜவல்லி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தாள்.

அப்போதுதான் நீலகண்டன் சந்துக்குள் நுழைந்தான். பின்னால் ஒரு பெரிய அதிகாரியின் குடும்பம், ஆள் தூக்கிவந்த பெட்டிகளோடு. அவர்களுக்குத் தர ஊரில் ஓர் அறை இல்லாமல் அவன் முகம் வெளிறிப் போயிருந்தது.

“அண்ணி, ஒரு ரூம் இருக்குன்னு மாரிக்கண்ணு சொல்லிச்சு.”

“இருக்கு. ஆளும் இருக்கு. வந்துகிட்டிருக்காங்க.”

“காசு வாங்குனீங்களா?”

“இல்ல.”

“அப்பறம் என்னா அண்ணி, காசு குடுக்காதவன் வருவானா? பாதி வழியில எவனாவது மடக்கியிருப்பான். இந்த ஒரு தடவ குடுங்க. நாளையிலேர்ந்து ஒங்க லாட்ஜுக்கு நானே ஆள் அனுப்புறேன், பைசா கமிஷன் வேணாம். இவங்க முன்னாலயே சொல்றேன்.” குரலைத் தாழ்த்தினான். “இல்லேன்னா இந்தச் சந்துக்குள்ள இனிமே ஒரு வண்டி திரும்பாது.”

அவன் சொன்னதில் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு வருஷமாக எதற்காகச் சண்டை போட்டாளோ, அதை அவனே கொண்டுவந்து காலடியில் வைக்கிறான். விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்த அன்பழகன், “அவங்க வரல பாரு, குடுத்துடேன்” என்று மெல்லச் சொன்னார். மாடியிலிருந்து எட்டு அறை ஆட்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெப்சைட்டில் அந்த வாக்கைப் படித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

பங்கஜவல்லி ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். நீலகண்டன் பெருமூச்சு விட்டான். அதிகாரியின் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார்.

நான்காம் நம்பரைத் திறந்து உள்ளே போனாள். ஜன்னல்களைத் திறந்தாள். புது விரிப்பை உதறிப் போட்டாள். மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டாள். வெளியே வந்து, எல்லோருக்கும் உள்ளே தெரியும்படி கதவை அகலத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து நிலைக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள்.

“மாரிக்கண்ணு,” என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள், “வரங்கல்காரங்களுக்கு ரெண்டு வாளி சுடுதண்ணி போடு.”