அருவி ஊருக்கு ஒரு குடம் தண்ணீர்

இந்த வாரம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வெளியே சாரல் காற்று, உள்ளே விரித்த பாய்... எவன் பேனாவைத் தொடுவான்? மூன்றாம் பாரத்தோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவனை வாராவாரம் எழுதச் சொன்னால் இப்படித்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை ரயிலடியில் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அப்பாவும் அம்மாவும் குற்றாலத்துக்குப் புறப்பட்டார்கள். தென்காசி ரயிலில் ஏற்றிவிடப் போனேன். என் தோளில் ஒரு செப்புக் குடம், வாயில் துணி கட்டி. டிக்கெட் பார்க்கிறவர் வழிமறித்தார்.

“என்னவே இது, நெய்யா?”

“தண்ணி,” என்றார் அப்பா.

“எங்கன கொண்டு போறீரு?”

“குத்தாலத்துக்கு.”

அவர் அப்பாவைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். டிக்கெட்டைப் பார்க்க மறந்துவிட்டார்.

ராப்பகலாக மலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற ஊருக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோகிறவரை நீங்கள் கண்டதுண்டா? நான் அவருக்கு மகனாகவே பிறந்திருக்கிறேன்.

அப்பாவின் கட்சி இதுதான். குளிக்க, சமைக்க அருவித் தண்ணீர் போதும் — கொதித்துவிட்டால் தண்ணீருக்கு ஊர் கிடையாதாம். ஆனால் பச்சைத் தண்ணீராகக் குடிப்பதென்றால் எங்கள் ஊர்த் தாமிரபரணிதான். வேறு எது உள்ளே போனாலும் வயிறு கேட்காது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெரு வாத்தியார் ஒருவர் வாதாடிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, குத்தாலத்துத் தண்ணிதான் சிற்றாறா ஓடி, சீவலப்பேரியில நம்ம ஆத்தோட சேருது. ரெண்டும் ஒண்ணுதான?”

“சேந்த பொறவு அது நம்ம தண்ணி,” என்றார் அப்பா. “சேருமுன்ன அது யாரு தண்ணியோ.”

வாத்தியார் வெற்றிலையை மடித்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார்.

இதில் எங்களுக்கென்ன கஷ்டம் என்கிறீர்களா? குடம் காலியானால் மறுநாளே ஊருக்குத் திரும்ப வேண்டும். அதுதான் சட்டம். மற்ற வீட்டுக்காரர்கள் ஆடி முடிகிறவரை இருப்பார்கள். நாங்கள் குடம் இருக்கிறவரை. காலையில் அருவி, சாயங்காலம் அருவி, நடுவில் குரங்குக்கு முறுக்கைக் காட்டி ஏமாற்றுவது — எல்லாம் அப்பாவின் தாகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால் நானும், கோமதி அக்காவும், எங்களோடு வருகிற பக்கத்து வீட்டு நம்பியும் அப்பாவின் இலையையே காவல் காப்போம். அவர் ஊறுகாயைத் தொட்டால் தாகம் எடுக்கும், குடத்தில் ஒரு செம்பு இறங்கும். ஒருநாள் அக்கா ஊறுகாய் ஜாடியை அரிசி மூட்டைக்குள் புதைத்துவிட்டாள்.

“ஏளா, ஊறுகா எங்க?”

“குரங்கு தூக்கிட்டுப் போயிட்டுப்பா.”

“ஜாடியோடயா?”

“ஜாடியோடதான்.”

“இந்த ஊர்க் குரங்குக்கு ருசி தெரியுது,” என்று அப்பா மோரை ஊற்றிக்கொண்டார்.

என்ன செய்தாலும் குடம் குறையத்தானே செய்யும்? ஒரு வருஷம், சாரல் அப்போதுதான் நன்றாகப் பிடித்திருந்தது. குடத்தைச் சாய்த்துப் பார்த்தார் அப்பா. “நாளைக்கு வண்டிக்குச் சொல்லிருதேன்,” என்றார். எண்ணெய் வழிகிற உடம்போடு அருவிக்குப் போய்விட்டார். அக்கா அழ ஆரம்பித்தாள். நம்பி, தனக்கு மட்டும் காய்ச்சல் வந்தால் இங்கேயே விட்டுவிட்டுப் போவார்களா என்று விசாரித்தான்.

அம்மா மெதுவாக எழுந்தாள். ஊரில் விடிந்ததிலிருந்து அடுக்களையை விட்டு நகர முடியாதவள் அவள். தலையை விரித்துப்போட்டுக்கொண்டு அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அருவிக்கரையில் மட்டும்தான்.

இடுப்பில் பித்தளைக் குடத்தோடு போனாள். வந்தாள். செப்புக் குடத்தில் பாதி வரை ஊற்றினாள். பழையபடி துணியைக் கட்டினாள்.

“எவனாவது வாயத் தொறந்தீங்க... நாளைக்கு வண்டிதான்,” என்றாள்.

நாங்கள் ஏன் திறக்கப்போகிறோம்?

அப்பா ஈரத் தலையோடு வந்தார். குடத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏளா, காலியாயிட்டுன்னுல்லா நெனச்சேன்?”

“நல்லாப் பாத்திருக்க மாட்டீங்க. அந்த மூலை ஒரே இருட்டு,” என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே.

அப்பா ஒரு செம்பு மொண்டு அண்ணாந்து குடித்தார். கண்ணை மூடினார். நாங்கள் மூச்சு விடவில்லை.

“என்ன சொல்லு... நம்ம ஆத்துத் தண்ணி நம்ம ஆத்துத் தண்ணிதான்.”

அதோடு விட்டாரா? பக்கத்து வீட்டு உள்ளூர்க்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு செம்பு கொடுத்தார். அந்த மனிதர் பைய ருசித்துக் குடித்தார்.

“நல்லாருக்கு அண்ணாச்சி. எங்கூர்த் தண்ணி மாதிரியேல்லா இருக்கு.”

அவர் போனபிறகு அப்பா தலையை ஆட்டினார். “பாவம். நாக்கு செத்த மனுசன்.”

அந்த வருஷம் ஆடி முடிகிறவரை இருந்தோம். அப்புறம் எந்த வருஷமும் எங்கள் குடம் காலியானதில்லை. ஊர் திரும்பியதும் அப்பா தேரடியில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார் — தாமிரபரணித் தண்ணீர் லேசில் குறையாது என்று.

அப்பாவை மட்டும் சொல்லி என்ன? கொழும்புக்குக் கப்பலேறுகிறவனோடு வற்றல் மூட்டையும் ஏறுகிறது. மதுரைக்கு வாக்கப்பட்டுப் போகிறவள் இங்கிருந்து அம்மிக்கல் கொண்டுபோகிறாள். மதுரையில் கல்லா இல்லை? ஊரை விட்டுப் போக எல்லோருக்கும் ஆசைதான் — ஊரும் கூடவே வரவேண்டும், அவ்வளவுதான்.

இதை அச்சில் போட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடாதா? தெரியாது. மகன் எழுதுகிற பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிற அளவுக்கு அவர் ஏமாளி இல்லை.

எழுதி முடித்ததும் நம்பிக்கு வாசித்துக் காட்டினேன். “இத்தனை வருசமாச்சு... எங்கப்பாவுக்கு இன்னும் தெரியாது, பாத்தியால?” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

நம்பி காதைக் குடைந்துகொண்டே சொன்னான்: “ஏலே, உங்கப்பாவுக்கு மட்டும் ஊருக்குத் திரும்பணும்னு ஆசையா இருந்துச்சாக்கும்?”