விளக்கெண்ணெய்

ஆவுடையார்கோவிலில் சைக்கிள் கடை வைத்திருந்த அவரை ஒரே ஒரு மத்தியானம்தான் பார்த்தேன். ஒரு பக்கம் ஒடிந்த மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். எதையும் முகர்ந்து பார்க்காமல் அதைப் பற்றிப் பேசமாட்டார் போலிருந்தது.

மணமேல்குடியில் என் தம்பியைப் பாம்பு கடித்திருந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் வாங்கிய ஊசி மருந்து என் வேட்டி மடியில் இருந்தது. வழியில் மோட்டார் சைக்கிளின் முன்பிரேக் பிடிக்காமல் இரண்டு தடவை மண் ரோட்டில் விழப் பார்த்தேன்.

அவர் ஹேண்டிலை அமுக்கினார். முன்பக்கம் தாழ்ந்து, எழ மனமில்லாமல் எழுந்தது. சக்கரத்தின் நடுவே விரலால் தொட்டு முகர்ந்தார்.

"வெளக்கெண்ணெய்" என்றார்.

என்னைத் திட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. முன்பக்கம் கிறீச்சிடுகிறதே என்று, மாட்டுவண்டி அச்சுக்கு விடுவதுபோல முந்தின நாள் நான்தான் ஊற்றியிருந்தேன். அது ஒழுகி பிரேக்குக்குள் இறங்கியிருக்கிறது.

"சீக்கிரம் தொடச்சுக் குடுங்கண்ணே, அங்க உசுரு போகுது."

"கழட்டித் தொடைக்க ஒரு மணி நேரம் ஆகுங்க" என்றவர், முன்பிரேக் கம்பியையே கழற்றிவிட்டார். "பிரேக் இருக்குன்னு நம்புனா வேகமாப் போயி விழுவீங்க. இல்லைன்னு தெரிஞ்சா பாத்துப் போவீங்க."

மெதுவாகத்தான் போனேன். விழவில்லை. மருந்துப் புட்டியும் உடையவில்லை. வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. எனக்கு வழிவிட்டவர்களில் ஒருவர்கூட மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அவர் சொன்ன முதல் சொல், வண்டியைப் பார்த்துச் சொன்னதல்ல என்றே இன்னும் தோன்றுகிறது.